மூக்கில் வைத்த ஈயம்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுவேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், செய்கிற வேலையில் பிசிறு இருக்காது. நாலாவதாக நல்ல மனசுக்காரர் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் பொட்டலில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு அந்த வார்த்தை வாய்க்கு வர மறுக்கிறது.

அவருக்குத் தொழில் பல் செட்டு செய்வது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் வெள்ளைச் சாந்து மாவைக் கரைத்து ஊற்றி ஈறு மாதிரி வார்ப்பார். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, உரசி, மெருகேற்றி, யாரோ முகம் தெரியாத ஒருவர் மென்று தின்பதற்காக டப்பாவில் போட்டு அனுப்புவார். கடை என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு உரசும் மோட்டார், ஒரு அடுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது காது மடலுக்குள் எல்லாம் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். தெருவில் அவருக்குப் பல்செட்டு என்றே பெயர். ஊருக்கெல்லாம் பல் கட்டிக்கொடுக்கிற மனிதர் சொந்தப் பல் வெளியே தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் வாயில் அடிக்கடி வருகிற வார்த்தை 'இருக்கட்டும்'. கதவில் ஒரு தாழ்ப்பாள் போதாது, இன்னொன்றும் இருக்கட்டும். வெயில் கொளுத்துகிறது, ஆனாலும் குடை இருக்கட்டும். பாலை ஒரு முறை காய்ச்சியாகிவிட்டது, இன்னொரு கொதி வரட்டும், இருக்கட்டும். யாரையும் நம்ப மாட்டார். பால்காரரை, பஸ் கண்டக்டரை, டாக்டரை, என்னை. எல்லாரையும் விட அதிகமாக அவர் நம்பாத ஆள் ஒருவர் உண்டு. அவருடைய சகலை, அதாவது என் தங்கையின் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். அவரும் ஒன்றும் தங்கக் கட்டி இல்லை. வாயைத் திறந்தால் குத்தல்தான். நாங்கள் கீழ்த்தளத்தில், அவர்கள் மாடியில். வீடு எங்கள் அப்பா கட்டியது. நடுவில் இருக்கும் மாடிப்படி மட்டும் பொது. அந்தப் படியில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டால் எவர் முதலில் ஒதுங்குவது என்று யோசித்துக்கொண்டே நிற்பார்கள். நானும் தங்கையும் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வோம்.

இந்தப் பகைக்கு விதை போட்டவர் எங்கள் அப்பாதான். அவர் பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மொட்டை மாடியில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓர் அறை கட்டிக்கொண்டு அதற்குள் கிளைடர் செய்துகொண்டிருப்பார். பொம்மை இல்லை, இறக்கை மட்டும் இரண்டு ஆள் நீளம் இருக்கும். இன்ஜின் கிடையாது. நீளமான ரப்பர் கயிற்றை இழுத்து விட்டால் சர்ரென்று மேலே ஏறும். அதற்குப் பிறகு காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். கீழே ஒருவர் ரேடியோப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சின்னக் குச்சிகளை நகர்த்தினால் அது சொன்ன பக்கம் திரும்பும். அப்பா தன் மாப்பிள்ளைகள் இருவரையும் பொட்டலுக்கு அழைத்துப் போனது கயிறு இழுக்கத்தான். ஒரு நாள்கூட ரேடியோவைக் கையில் கொடுத்ததில்லை. தின்ன விடாமல் காட்டிக்கொண்டே இருந்தால் பசி எவ்வளவு வளரும் என்று அந்த இரண்டு பேரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்பா செய்ததிலேயே நன்றாகப் பறந்த கிளைடர் ஒரு நாள் காற்றோடு போய்விட்டது. திரும்பி வரவில்லை. அது போன கொஞ்ச நாளில் அப்பாவும் போய்விட்டார். மிஞ்சியது அதன் வரைபடம். ஒரே தாள், அளவு மாறாமல் அப்படியே நிஜ நீளத்துக்கு வரைந்தது. இரண்டு மாப்பிள்ளைகளும் அது எனக்குத்தான் என்று நின்றார்கள். அம்மா வெறுத்துப்போய், ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது எரிச்சலில். இவர்கள் நிஜமாகவே தாளைத் தரையில் விரித்து, எஃகு ஸ்கேல் வைத்து, பிளேடால் கிழித்தார்கள். இருவருமே கை சுத்தமான வேலைக்காரர்கள் என்பதால் வெட்டு நூல் பிடித்த மாதிரி விழுந்தது. இறக்கை இருந்த பாதி எங்களுக்கு. உடலும் வாலும் இருந்த பாதி மாடி வீட்டுக்கு.

ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். 'அவன் பாதி வேணும்னு நான் ஏன் போய் நிக்கணும், அவன் வந்து கேக்கட்டும்' என்று இவர் சொன்னார். மாடியிலும் அச்சு மாறாமல் அதே பதிலைத்தான் தங்கை வாங்கிக்கொண்டாள்.

அந்த வெட்டினால் என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லாம் சுலபமாகப் புரியும். கிளைடர் ஒழுங்காக மிதக்க இரண்டு சங்கதி வேண்டும். ஒன்று, எடை சரியான இடத்தில் நிற்க வேண்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிகளில் விரல் நுனி வைத்துத் தூக்கினால் மூக்கும் சாயக் கூடாது, வாலும் சாயக் கூடாது. மூக்கு கனத்தால் மிதக்காமல் இறங்கிக்கொண்டே போகும். வால் கனத்தால் இன்னும் மோசம், அடங்காது, புரண்டு குத்திவிடும். அந்தப் புள்ளி எங்கே என்று காட்டும் அம்புக்குறி உடல் இருந்த பாதியில், மாடி வீட்டிடம் போய்விட்டது. இன்னொரு சங்கதி, இறக்கையின் இரண்டு முனையிலும் ஒரு மெல்லிய முறுக்கு வேண்டும், முன்விளிம்பு துளி தாழ்ந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் வட்டமடிக்கும்போது ஒரு பக்க முனை சட்டென்று கீழே விழும். அந்த முறுக்கின் அளவு எங்கள் பாதியில் இருந்தது. ஆக, இவர் இறக்கை பிரமாதம், எடை நிறுத்தம் குருட்டாம்போக்கு. அவர் நிறுத்தம் துல்லியம், இறக்கை மொண்ணை. இருவரும் வருஷக்கணக்காக ஆளுக்கு ஒரு அரைகுறையைப் பறக்கவிட்டு, அடுத்தவன் அரைகுறையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நீள அறையையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் தரையில் டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் இறக்கை அறையின் பாதியை விட நீளம். குறுக்கே வைக்கவும் அகலம் போதாது. யார் இறக்கையை மேஜையில் போட்டாலும் அதன் முனை அடுத்தவர் எல்லைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு சண்டை. பிறகு இவர் அறைக்கு ஒரு பூட்டு போட்டார். மறுநாள் அவர் பக்கத்திலேயே இன்னொரு பூட்டு போட்டார். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும், இருவரும் சேர்வதோ நடக்காத காரியம். அறை அப்படியே கிடந்தது. துணி காயப்போட மாடிக்குப் போன அம்மா அந்தக் கதவில் இரண்டு பூட்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து இரண்டு மாப்பிள்ளைகளையும் கூப்பிட்டாள்.

அம்மா குரல் உயர்த்த மாட்டாள். அது இன்னும் பயமாக இருக்கும்.

"உங்க மாமா ஆவி இங்க அலைஞ்சா உங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல பறக்க விடுங்க. யாரோடது கடைசியா இறங்குதோ அவருக்கு அறை. இன்னொருத்தர் சாமான எல்லாம் வாரிட்டுக் கீழ வந்துடணும். அதுக்கப்புறம் அந்த அறை வாசல்ல நான் அவரைப் பாக்கக் கூடாது."

இருவரும் சம்மதித்தார்கள். அறையை இழந்தால் இவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கீழ்த்தளத்தில் கட்டிலை நிமிர்த்தி வைத்தால்கூட ஒரு இறக்கை போட இடமில்லை. கிளைடர் என்பதே முடிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பாலை மறுபடி காய்ச்சச் சொல்வார். எனக்கும் அந்த அறை அவருக்கே கிடைக்க வேண்டும் என்று இருந்தது. அதில் பாசம் பாதி, என் நிம்மதி பாதி.

பூட்டைக் கழற்றியதும் காலையில் இவர், சாயங்காலம் அவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். போகும்போது அவரவர் வேலையைத் துணி போட்டு மூடிவிட்டுப் போவார்கள், பிணத்தை மூடுகிற மாதிரி. காலையில் டீ கொண்டுபோகும் சாக்கில் நான் இவர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். திட்டுவதற்குக் காரணம் தேடித்தான் போவேன். ஆனால் அந்தக் கைகளைத் திட்ட முடியாது. பால்சா என்கிற பஞ்சு போல லேசான கட்டையை மெல்லிய தகடாக அறுத்து, இரண்டு அச்சுப் பலகைக்கு நடுவில் கெட்டியாக அடுக்கித் திருகி, மொத்தமாக உப்புத்தாள் போட்டு இறக்கையின் விலாக்களை ஒரே சீராக எடுப்பார். நடுக்கட்டையில் அவற்றை ஒவ்வொன்றாக நட்டு, முனைக்கு வரும்போது அடியில் சின்ன ஆப்பு வைத்து அந்த முறுக்கைக் கொடுப்பார். இறக்கை உடலோடு பொருந்தும் இடத்தில் எங்காவது உரசுகிறதா என்று பார்க்க, பல் செட்டைக் கடித்துப் பார்க்க வைக்கிற நீலத்தாளை நடுவில் வைத்து அழுத்துவார். நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் ஊதிச் சுரண்டுவார். கடைசியில் மேலே வண்ணப் பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது. அது சூட்டில் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு என் இஸ்திரிப் பெட்டி. பெட்டியின் அடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பசை இழுத்துவிட்டது. அதற்கப்புறம் நான் தேய்த்த வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு இருக்கிறது. கேட்டால், உனக்கு இன்னொன்று வாங்கிக்கொள், இதுவும் இருக்கட்டும் என்றார்.

நிறுத்திப் பார்ப்பதற்கு ஒரு தாங்கி செய்தார். இரண்டு குச்சி, நுனியில் அழிரப்பர். இறக்கையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைத்தார். பிறகு, வால் கனத்துவிட்டால் ஆபத்து, கொஞ்சம் முன்னாலேயே இருக்கட்டும் என்று புள்ளியை முன்னே தள்ளினார். பேட்டரியை மூக்கில் திணித்து, வாலை அசைக்கும் மோட்டார்களை எல்லாம் வைத்து மூடி, கிளைடரைத் தாங்கியில் ஏற்றினார். வால் கீழே போனது. டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டும் ஈயத் துண்டுகளை வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றாக மூக்கில் வைக்க வைக்க வால் மெதுவாக எழும்பியது. மட்டமாக நின்றது. இடது இறக்கை சற்றுக் கனம் என்று வலது முனையில் ஒரு சின்ன ஆணியைச் செருகினார். எனக்கே பார்க்க அழகாக இருந்தது. காற்றில் நிற்கிற மாதிரி நின்றது. இதோடு விட்டிருந்தால் போதும். அந்த மனிதர் இன்னும் இரண்டு ஈயத் துண்டை எடுத்து மூக்கில் ஒட்டினார்.

"இருக்கட்டும்," என்றார்.

அந்த ஞாயிறு பொட்டலுக்குப் போனோம். பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளி அது. டயர் கடைக்காரரும் அங்கே கிளைடர் விடுகிறவர்தான். நடுவராக அவரை வைத்துக்கொண்டார்கள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முக்காடு போட்டுக்கொண்டாள். ஒருவரையும் பார்க்காமல் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தங்கையும் உதவி ஆட்கள். கயிற்றை இழுத்துப் பிடித்துக் கிளைடரை நேராக விடுவது எங்கள் வேலை. இருவருக்கும் அதில் பழக்கம் உண்டு. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர்கள்தான், பொட்டலில் கால் வைத்ததும் ஏனோ வாய் அடைத்துப்போனது.

கையால் ஒரு முறை மெதுவாக வீசிப் பார்ப்பது எல்லாரும் செய்வது. இவர் வீசினார். கிளைடர் கொஞ்ச தூரம் போய் மூக்கைக் கீழே போட்டுப் புல்லில் உராய்ந்தது. இவர் ரேடியோவில் ஏதோ திருகி, வாலைத் துளி மேல்நோக்கி வைத்தார். இப்போது சரி என்றார். இன்னொரு முறை வீசிப் பார்க்கவில்லை.

அந்தப் பொட்டலில் ஒரு பழக்கம் உண்டு. போட்டி என்று வந்தால், ஏற்றுவதற்கு முன் எதிராளி உன் கிளைடரை விரலில் தூக்கிப் பார்க்க வேண்டும், நீ அவருடையதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பிறகு யாரும் யாரையும் திருட்டு வேலை செய்ததாகச் சொல்லக் கூடாது என்பதற்காக. டயர் கடைக்காரர் விடாப்பிடியாக நின்றதால் இரண்டு சகலைகளும் கிட்டே வந்தார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும் தூரத்தில் அவர்கள் நின்று நான் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

லிஃப்ட்காரர் எங்கள் கிளைடருக்கு அடியில் இரண்டு விரல் வைத்தார். இவர் வைத்த புள்ளியில் இல்லை. அதற்குச் சற்றுப் பின்னால், தன்னிடம் இருக்கும் பாதித் தாளில் அம்புக்குறி காட்டுகிற இடத்தில். தூக்கினார். மூக்கு தொப்பென்று சாய்ந்தது. அவர் முகத்தில் ஒரு அருவருப்பு வந்தது. லிஃப்ட்டில் எடைக்கு எடை சமமாகத் தொங்கவிடுவதுதான் அவர் பிழைப்பு, சாய்ந்த எதையும் அவருக்குப் பார்க்கப் பிடிக்காது. லிஃப்ட்காரர் இவர் முகத்தைப் பார்க்காமல் கிளைடரைப் பார்த்தே பேசினார்.

"மூக்கு கனமா இருக்கு. ஈயத்துல பாதிய எடுத்துடுங்க. இப்படியே விட்டா நிக்காது, இறங்கிடும்."

"எனக்குத் தெரியும்," என்றார் இவர்.

"தெரிஞ்சா எடுங்க. தோத்துட்டு அப்புறம் ஊரெல்லாம் போய் என்னைக் கரிச்சுக் கொட்டக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன். உங்க மேல அக்கறைல இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு இவர் அவருடைய கிளைடரைத் தூக்கினார். விரல் மேல் அசையாமல் நின்றது. ஆனால் இவர் கண் இறக்கை முனைக்குப் போனதை நான் பார்த்தேன். முனையில் முறுக்கு இல்லை, பலகை மாதிரி நேராக இருந்தது. வட்டமடித்தால் அந்த முனை விழும் என்று இவருக்குத் தெரியும். எதிராளி இப்போதுதான் ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார், பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சரி' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார்.

நான் கிட்டே போய், எடுத்துத்தான் பாருங்களேன் என்றேன். அரை நிமிஷ வேலை, மூடியைத் திறந்து ரெண்டு துண்டை உரித்து, ஒரு முறை கையால் வீசினால் தெரிந்துவிடப் போகிறது என்றேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் அந்தப் பக்கத்து ஆள் ஆகிவிட்டேன்.

"வால் கனமாகி முதல் திருப்பத்துலயே குத்தணும்னு பாக்குறான். ஜெயிக்க வந்தவன் எதிராளிக்கு வழி சொல்லுவானா? நீ கயித்தப் பிடி, போதும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அம்மா பார்க்கிறாள் என்று அடக்கிக்கொண்டேன். கயிறு விறைக்க விறைக்கப் பின்னால் நடந்து, கிளைடரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். மூக்கு என் கையை மீறிக் கீழே இழுத்தது. எனக்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம், என் கைக்கே தெரிந்தது. பத்தடி தள்ளி தங்கை பிடித்திருந்தது அவள் கையில் பூ மாதிரி இருந்தது. அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைக்காரர் கை காட்டினார். விட்டோம்.

இரண்டும் ஒன்றாக ஏறின. கயிறு கழன்றதும் அவருடையது அப்படியே படுத்துக்கொண்டு மிதக்க ஆரம்பித்தது. எங்களுடையது மூக்கைக் குத்தியது. இவர் குச்சியைப் பின்னால் இழுத்தார், எழும்பியது. மறுபடி குத்தியது. மறுபடி இழுத்தார். படிக்கட்டில் இறங்குகிற மாதிரி அது ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் சூளைக்கு மேல் சூட்டுக் காற்று எழும்பும் இடத்துக்கு எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே சின்ன வட்டமாக அடித்தார். முனை விழவே இல்லை. அந்த இறக்கையின் அருமை அப்போது தெரிந்தது. இறங்குவது நின்று, கொஞ்சம் ஏறவும் ஏறியது. ஜெயித்துவிடுவார் போலிருக்கிறதே, இவ்வளவு பிடிவாதத்தோடும் ஜெயித்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு பக்கம் கோபம்கூட வந்தது.

லிஃப்ட்காரரும் அதே காற்றுக்கு வந்தார். வட்டத்தைச் சுருக்கினார். ஒரு பக்க முனை பட்டென்று விழுந்து கிளைடர் பக்கவாட்டில் சரிந்தது. நிமிர்த்துவதற்குள் பாதி உயரம் போய்விட்டது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதைப் பார்த்தபோதுதான் என் மனசு விட்டுப்போனது. அப்புறம் லிஃப்ட்காரர் சின்ன வட்டத்துக்குப் போகவே இல்லை. காற்றை விட்டுவிட்டு, பொட்டலின் ஓரமாகப் பெரிய வட்டமாக, எதையும் அசைக்காமல் மெதுவாகச் சுற்றினார்.

சூளைக் காற்று ஓய்ந்தது. ஓய்ந்ததும் எங்களுடையது தன் குணத்தைக் காட்டிவிட்டது. மூக்கு, இழுப்பு, மூக்கு, இழுப்பு. இவர் கட்டை விரல் வெளுத்துப்போயிருந்தது. அவருடையதை விட உயரத்தில் இருந்தது, பிறகு அதற்குச் சமமானது, பிறகு அதற்குக் கீழே போனது. புல்லில் மூக்கால் முட்டி நின்றது. அடுத்தவருடையது இன்னும் ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டு வந்து, அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் ஓசையே இல்லாமல் இறங்கியது. யாரும் கை தட்டவில்லை. அம்மா எழுந்து, நாற்காலியைத் தானே மடக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலமே இவர் அறையைக் காலி செய்தார். அச்சுப் பலகை, உப்புத்தாள் கட்டு, தாங்கி, டப்பா டப்பாவாக ஆணி. எல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியில் போனது, கிளைடர் மட்டும் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. இரண்டு நாள் கழித்து லிஃப்ட்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. இவர் உள்ளறையில் இருப்பது தெரிந்தே, எல்லாரும் கேட்கட்டும் என்கிற மாதிரி என்னிடம் கேட்டார், "அண்ணி, இறக்கை முனைல அவர் என்ன பண்றார்னு கேட்டுச் சொல்லுங்க. நான் எனக்குத் தெரிஞ்சத அன்னைக்கே சொன்னேன்." உள்ளேயிருந்து பதில் எனக்குத்தான் வந்தது, தெரியாது என்று சொல்லி அனுப்பு என்று. லிஃப்ட்காரர் கல் நெஞ்சு என்று முணுமுணுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அன்று இரவு சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடுமுறைக் காலையில் தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன்னால் இவர் கிளைடரை வெளியே எடுத்துப் போவதைப் பார்த்தேன். விற்கப் போகிறாரோ என்று பின்னாலேயே போனேன். வாசலில் உட்கார்ந்து மூக்கின் மூடியைத் திறந்தார். ஈயத் துண்டுகளை உரித்தார். எண்ணிப் பார்த்து, பாதியை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு மூடினார். எழுந்து, தெருவின் நீளத்தைப் பார்த்து நின்று, ரேடியோவைக்கூட ஒழுங்காகப் பிடிக்காமல், வெறுமனே ஒரு வீசு வீசினார்.

அது போனது. தையல் கடையைத் தாண்டியது, இரும்புக் கேட் போட்ட வீட்டைத் தாண்டியது, இடுப்பு உயரத்தில் கொஞ்சமும் தாழாமல் போய்க்கொண்டே இருந்தது. தெரு முடிகிற இடத்தில் கட்டுமானத்துக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் போய் உட்கார்ந்தது. அப்பாவுடையது பறந்தபோது நான் பார்த்திருக்கிறேன். அதே நடை. எனக்கு அழுகை வந்தது, அதற்காகவும் இவர் மேல் கோபம் வந்தது.

நான் கிட்டே போனேன். இப்போது தெரிந்துகொண்டீர்களா, அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், மேலே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டேன். இவர் மணல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் பொய் சொல்லி என்னைத் தோக்கடிச்சிருந்தா நான் என்னைக்கோ விட்டிருப்பேன்," என்றார். "உண்மையச் சொன்னான் பாரு. அத என்னால மன்னிக்கவே முடியாது."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதரை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். நான் போய் மணலிலிருந்து கிளைடரை எடுத்து, இறக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாடிப்படியில் லிஃப்ட்காரர் இறங்கும் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்போது எழுந்து போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்.